கொன்றவர் பெயர் கோயில் சுவரில்

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யாரு? 'பொன்னியின் செல்வன்' படிச்ச எல்லாரும் கேட்கிற கேள்வி இது. கல்கி 1950 முதல் மூன்றரை வருஷம் தொடராக எழுதியும் முடிச்சை முழுசா அவிழ்க்கலை.

காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் ராஜராஜ சோழரின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கு. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயர்களும், அவங்க உறவினர் நிலம் பறிமுதலானதும் அதில் உண்டு. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பது மட்டும் இல்லை. அந்த மௌனத்தில்தான் கதை பிறக்குது, நம்மையும் இழுக்குது.

அதே மௌனத்தால்தான் அடுத்து அரியணை ஏறிய உத்தம சோழர் மேல சந்தேகமும் விழுந்தது. செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியாரின் மகன் அவர். நிரூபணம் இல்லாத பழி அது. கதையை ரசிப்போம், தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

நம்ம கோயில் திருப்பணியிலும் பழைய பெயர்ப்பலகைகளைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நாளைக்கு அதுதான் சாட்சி.