பிள்ளையின் கண்ணைச் சுற்றிச் சிறு பருக்கள்: களிம்பு பூசும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சிறுபிள்ளைகளின் கண்ணிமையைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள் எழும்பியிருப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். சூட்டுக் கொப்புளம் என்பார்கள் சிலர். கண்ணூறு என்பார்கள் வேறு சிலர். பெரும்பாலும் பக்கத்து லயத்திலிருந்து ஒரு களிம்பு கைமாறி வந்து பூசப்படும். அந்தக் களிம்பே நோயை வளர்க்கக் கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என்ன நோய்?

மருத்துவத்தில் இதற்குப் 'பெரிஓரிபிசியல் டேர்மடைட்டிஸ்' என்று பெயர். கண், மூக்கு, வாய் ஆகியவற்றைச் சுற்றி வரும் தோல் அழற்சி இது. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவான பருக்கள் கூட்டமாக இருக்கும். கருமையான தோலில் சிவப்பு தெரியாது. தோல் நிறத்திலேயே இருக்கும். லேசான அரிப்பு வரலாம், வராமலும் இருக்கலாம். பிள்ளைகளில் காணப்படும் ஒரு வகையை 1970இல் ஜியானொட்டி என்ற இத்தாலிய மருத்துவரும் சகாக்களும் விவரித்தார்கள்.

இது ஒட்டுநோய் அல்ல. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பலாம். மாதக்கணக்கில் இருந்தாலும் ஆறிவிடும். குளிர்ப் பிரதேசத்தில் மட்டும் வருவதும் அல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய நம் உறவுகளின் பிள்ளைகளுக்கும் வரலாம்.

களிம்பு செய்யும் வேலை

பெட்டமெதசோன், குளோபெடசோல் போன்ற ஸ்டீரொயிட் களிம்புகளே இதற்கு முக்கியத் தூண்டுதல். பூசினால் இரண்டு மூன்று நாளில் பரு அடங்கும். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக எழும்பும். மறுபடி பூசுவார்கள். இப்படியே மாதங்கள் ஓடும். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமையில்தான் உள்ளது. அங்கே நெடுநாள் ஸ்டீரொயிட் பூசினால் கண்ணின் உள்ளழுத்தம் கூடலாம், கண்புரையும் வரலாம்.

தொய்வுக்கு முகமூடி வைத்து ஸ்டீரொயிட் மருந்து இழுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பருக்கள் வருவதுண்டு. அதற்காக அந்த மருந்தை நிறுத்தவே கூடாது. இழுத்து முடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டால் போதும்.

என்ன செய்யலாம்?

கேட்டு வாங்கிய களிம்பை மேலும் பூசாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்; படிப்படியாகக் குறைக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். நிறுத்திய சில வாரங்களுக்குப் பரு கூடும். பயந்து பழைய களிம்புக்குத் திரும்ப வேண்டாம். முகத்தை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். வாசனைக் கிரீம், பவுடர் வேண்டாம். தேவைப்பட்டால் மெட்ரோனிடசோல் பூச்சு, எரித்ரோமைசின் போன்றவற்றை மருத்துவர் தருவார். வீட்டில் மீந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். டெட்ராசைக்கிளின் வகை மருந்து எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் பல்லில் நிரந்தரக் கறையை உண்டாக்கும்.

இமை முழுவதும் வீங்கிச் சிவந்தால், காய்ச்சல் அடித்தால், கண்ணை அசைக்க வலித்தால், பார்வை மங்கினால் அது வேறு நோய். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

நுவரெலியாவுக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு இல்லை. போகும்போது இதுவரை பூசிய எல்லா டியூப்களையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மருத்துவருக்குப் பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.