கணக்குக் கேட்கும் ஊரே காவல்

ஜி.எஸ்.டி. சாலையோரம் உள்ள பொத்தேரிக்குத் தென்மேற்கே, அதே பழைய செங்கல்பட்டுச் சீமையில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு; ஆண்டுகள் 919, 921. குடவோலைக்காக அவற்றை எல்லோரும் அறிவர். என்னை ஈர்ப்பவை அவற்றின் தகுதிநீக்க விதிகள். ஊர்ச் சபையின் ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். பதவி 360 நாள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய மாமனார், மருமகன், சகோதரியின் கணவர் முதலான உறவினர் பெயரும் கூடாது. ஏரிப் பணத்தைத் தின்றவர் வீட்டு மருமகன் அதே ஏரிக்குக் காவலாக வந்துவிடாதபடி அன்றே வழியடைத்திருக்கிறார்கள்.

அந்தச் சபை நிலமுடைய அந்தணர்களுடையது. ஏரி நீரில் உழுது விளைவித்தவர்களுக்கு அங்கே குரல் இல்லை. இதை மறைத்துவிட்டு அதைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனாலும் அந்தக் கணக்குக் கண்டிப்பு நமக்கு வேண்டும்.

இன்று பொதுநிலத்தைக் காக்கச் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் உண்டு. மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சிக்குத் தந்தது. 2007-இல் ஏரிகளுக்கென்றே தனிச்சட்டம் வந்தது. 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நடைமுறையில் நடப்பதைப் பாருங்கள். புறம்போக்கில் ஒருவர் வேலி போடுகிறார். கிராம நிர்வாக அலுவலர் ஆக்கிரமிப்பைப் பதிவு செய்து ‘பி மெமோ’ கொடுக்கிறார். தண்டத் தீர்வை விதிக்கப்படுகிறது. அவர் அதைக் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துகிறார். சில ஆண்டு கழித்து, தண்டனைக்குச் சாட்சியான அந்த ரசீதையே அனுபோகத்துக்குச் சாட்சியாக நீட்டிப் பட்டா கேட்கிறார். தட்டிக் கேட்க யார் வருவார்? மாடு மேய்ந்தவரை மேய்க்கால் நிலத்துக்கு நாள்தோறும் ஆள் வந்தது; போரடித்தவரை களத்துக்கு ஊரே காவல். ஜி.எஸ்.டி. சாலையோரம் வயல்கள் மனைகளான பிறகு அந்தப் புழக்கம் நின்றது. புழக்கமற்ற நிலம் ‘காலி இடம்’ ஆகிவிட்டது. குடிவந்தவர்களுக்கு அது யாருடையது என்றே தெரியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, யாரும் சொல்லித் தரவில்லை.

பொத்தேரி இப்போது மறைமலைநகர் நகராட்சிப் பகுதி. இங்கே கிராம சபை கூடுவதில்லை. அதற்கு ஈடாக நகர்ப்புறங்களுக்கு 2022-இல் பகுதி சபை வந்தது. நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வரே கலந்துகொண்டார். குடிநீர், தெருவிளக்குப் பேச்சோடு அந்தச் சபைகள் நின்றுவிடக் கூடாது. வார்டு எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு புறம்போக்கின் புல எண்ணும் பரப்பும் ‘அ’ பதிவேட்டில் உள்ளபடி அங்கே வாசிக்கப்பட வேண்டும். புலப்படத்தைச் சுவரில் ஒட்ட வேண்டும். சென்ற ஆண்டுப் பரப்புக்கும் இவ்வாண்டுப் பரப்புக்கும் வேறுபாடு இருந்தால், பொறுப்பாளர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும்.