முழங்காலுக்கும் ஒரு வரலாறு உண்டு



என் பேத்தி பள்ளிக் கபடி அணியில் சேர்ந்திருக்கிறாள். அதைக் கேட்டதும் பழைய மாணவி ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். அறுவடை முடிந்த வயலில் பாடிப் போனவள், யாரும் தொடாமலே, சட்டென்று திரும்பும்போது விழுந்தாள். முழங்காலில் 'டப்'பென்று சத்தம் கேட்டதாகச் சொன்னாள். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிடச் சொன்னேன். அவள் மறுபடி ஆடவே இல்லை. அது ஜவ்வு கிழிந்த அடையாளம் என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. அந்த உறுத்தலில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முழங்காலுக்குள் இரண்டு ஜவ்வுகள் பெருக்கல் குறிபோல் குறுக்கே கிடக்கின்றன. முன்பக்க ஜவ்வு, கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற மருத்துவர், அடிபட்ட சுரங்கத் தொழிலாளி ஒருவருக்குக் கிழிந்த ஜவ்வைத் தைத்தார். 1917இல் ஹே குரோவ்ஸ், தொடையிலிருந்து நார் எடுத்துப் புது ஜவ்வு அமைத்தார். எல்லாம் கிழிந்த பிறகு செய்யும் வைத்தியம்.

வருமுன் காக்கும் எண்ணம் வலுத்ததற்குப் பெண்களே காரணம். 1972இல் அமெரிக்கக் கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரும் சட்டம் வந்தது. ஆடும் பெண்கள் பெருகினார்கள். ஒரே ஆட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு மடங்குக்கு மேல் வருவது அப்போதுதான் கண்ணில் பட்டது.

யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? 2005இல் அமெரிக்காவில் ஹெவெட் குழுவினர் 205 பெண்களைப் பெட்டியிலிருந்து குதிக்கவைத்துப் பார்த்தார்கள். பின்னர் ஜவ்வு கிழிந்த 9 பேருக்கு, தரையில் இறங்கும்போது முழங்கால் மற்றவர்களைவிடச் சராசரியாக அதிகம் உள்பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் 2016இல் நார்வேயில் 700க்கும் மேற்பட்ட வீராங்கனைகளிடம் செய்த அதேபோன்ற சோதனை, காயம்படப் போகிறவரைப் பிரித்துக் காட்டவில்லை.

வாத்தியாருக்கு இது புதிதல்ல. நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை வடிகட்டுவதைவிட எல்லோருக்கும் பாடம் நடத்துவதே மேல். அந்தப் பாடமும் தயாராக இருக்கிறது. உலகக் கால்பந்துச் சங்கம் 'பதினொன்று பிளஸ்' என்ற 20 நிமிடப் பயிற்சியை உருவாக்கியது. மெதுவோட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, உட்கார்ந்து எழுவது, முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்குவது, இவ்வளவுதான். நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமிகள் சுமார் 1,900 பேரிடம் சோதித்து 2008இல் முடிவு வெளியிட்டார்கள். கடுமையான காயங்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தன.

நம் நாட்டுக் கதையும் தெரியும். வினேஷ் போகத் 2016 ரியோவில் முழங்கால் காயத்தோடு ஸ்ட்ரெச்சரில் போனார். 2023இல் முழங்காலில் ஜவ்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆசிய விளையாட்டை இழந்தார். மறு வருஷமே பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிச்சுற்று வரை போனார். ஆனால் 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர், ஜவ்வு சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கலில் உயிரிழந்தார். சிகிச்சைக்குப் பயப்படச் சொல்லவில்லை. அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

உங்களில் உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பெற்றோர் இருக்கிறீர்கள். ஆட்டத்துக்கு முன் அந்த 20 நிமிடத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். 'டப்' சத்தம் கேட்டு முழங்கால் வீங்கினால் உருவிவிடாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பேத்தி தினமும் காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து குதித்துப் பழகுகிறாள். முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அன்று அந்தப் பெண்ணுக்குச் செய்யத் தெரியாததை இன்று இவளுக்காவது செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
சுவாமிமலை