குடும்பப் பெயர் வந்த வரலாறு

பதிவேட்டின் நகல் கேட்டுப் பங்கு அலுவலகத்திற்கு வருவோர் நம்மிடம் அடிக்கடி கேட்பதுண்டு: "சாமி, எங்கள் பாட்டனார் தமிழர்தானே? எங்களுக்கு எப்படிப் பிரெஞ்சுப் பெயர் வந்தது?" இந்த யூபிலி மலரில் அதற்கு விடை கூற விழைகிறோம்.

பிரெஞ்சுக்காரரைப்போல் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் நம் முன்னோரிடம் இல்லை. தகப்பனார் பெயர், தம் பெயர், அதன் பின்னே பிள்ளை, முதலியார் என்று சாதிப் பட்டம். பட்டம் இல்லாதவர்க்கோ, அது இல்லாததே அடையாளமாயிற்று.

1819 ஜனவரி 6-ஆம் நாள் பிறந்த ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவின் இந்துக்களும் முகம்மதியரும் மட்டுமல்ல, கிறிஸ்தவர்களும் தத்தம் சாதி வழக்கங்களின்படியே நீதி பெற வேண்டும். ஆகவே ஞானஸ்நானம் பெற்ற பின்னரும் ஒருவர் சட்டத்தின் முன் சாதிக்காரராகவே நின்றார்.

1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்குரைஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து புதுவை நீதிமன்றத்தில் நுழைந்தார். இந்தியர் அவ்வாறு வரலாகாது என்று தடுத்தார்கள். அவர் பணிந்து போகவில்லை. பாரிஸ் வரை வழக்கைக் கொண்டு சென்று வெற்றி கண்டார்.

பின்னர் 1881 செப்டம்பர் 21-இல் வெளியான ஆணை, விரும்பும் இந்தியர் தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கலாம் என்றது. கணவர் துறந்தால் மனைவிக்கும், வயது வராத பிள்ளைகளுக்கும் அது செல்லும். ஒருமுறை துறந்தால் மீள வழியில்லை. துறப்போர் தமக்கும் தம் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயர் தேர்ந்து பதிய வேண்டும். பொன்னுத்தம்பியார் பிள்ளைப் பட்டத்தை விட்டு 'லப்போர்த்' என்று பெயர் பூண்டார். பிரெஞ்சு மொழியில் அதற்கு வாசற்கதவு என்று பொருள். லப்போர்த் வீதி இன்றும் அவரை நினைவூட்டுகிறது.

அவ்வாசல் வழியே வந்தோரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அவர்களிலும் தாழ்த்தப்பட்டோரே மிகுதி. சிலர் பிரெஞ்சுச் சொல்லையும், சிலர் புனிதரின் பெயரையும், சிலர் தகப்பனார் பெயரையுமே குடும்பப் பெயராக்கிக் கொண்டனர். சாதிக் கட்டு குலைந்துவிடும் என்று அஞ்சியோர் சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் எதிர்த்தனர். 1884-இல் துறந்தோருக்கெனத் தனி வாக்காளர் பட்டியல் அமைந்தது. 1899-இல் அதுவும் பறிக்கப்பட்டது. ஆனால் பெயரைப் பறிக்க எவராலும் இயலவில்லை.

அப்பெயர்கள் உத்தியோகம் தேடிச் சைகோனுக்குக் கப்பலேறின. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுதித் தர வேண்டியிருந்தது. அண்ணன் எழுதித் தந்தார், தம்பி தரவில்லை. ஒரே குடும்பப் பெயர் இரு நாடுகளுக்குரியதாயிற்று. இன்று அவை புதுவையிலும் காரைக்காலிலும், பாரிஸின் புறநகர்களிலும் வழங்குகின்றன.

கடலுக்கு அப்பால் குவாதலூப் தீவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. கூலிகளாய்ச் சென்ற தமிழரின் சொந்தப் பெயர்களே அங்கே குடும்பப் பெயர்களாயின. அவர்தம் சந்ததியாருக்குக் குடியுரிமை கேட்டு வழக்காடி 1923-இல் வென்றவர் ஆன்றி சிதம்பரம்.

பங்கு மக்களே, பெயரை மாற்றினால் போதுமா? கல்யாணப் பேச்சு எழும்போது, "இந்தப் பெயருக்கு முன்னே என்ன ஆட்கள்?" என்று மெல்ல விசாரிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஓயவில்லை. திருச்சபையும் இதில் குற்றமற்றதன்று. கோயிலுக்குள் மக்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745-இலேயே தம் நாட்குறிப்பில் எழுதினார். ஞானஸ்நானத் தொட்டியருகே குருவானவர் கேட்பது பிள்ளையின் பெயரை மட்டுமே, சாதியை அல்ல.

ஆகையால் இந்த யூபிலி ஆண்டில் இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே உங்கள் குடும்பப் பெயரைத் தேர்ந்தவர் யார், ஏன் தேர்ந்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த வீட்டாரின் பெயருக்கு முன்னே என்ன இருந்தது என்று கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். திறந்த வாசலை நாமே அடைக்கலாகாது.