கிறிஸ்துமஸ் மரம் எனும் அரக்கேரியா: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கான அடையாளமும் வளர்ப்பும்

1. பெயர்

நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று கேட்டால் கையில் தருவது அரக்கேரியாக் கன்று. பார்ப்பவர்கள் அதைப் பைன் என்பார்கள். பைன் வேறு குடும்பம். பைனில் ஊசியிலைகள் இரண்டு, மூன்று, ஐந்து எனக் கற்றையாக நிற்கும். அரக்கேரியாவில் ஒவ்வோர் இலையும் தனித்தனியே கிளையைச் சுற்றி ஒட்டியிருக்கும். கிளைகள் குடைக்கம்பிபோல் அடுக்கடுக்காகப் பிரியும்.

தூரத்தில் சவுக்கும் இதே ஏமாற்று வேலையைச் செய்யும். அதன் 'ஊசி'யைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கணுவில் கழன்று வரும். அது இலையல்ல, மெல்லிய கிளை. கணுவைச் சுற்றியுள்ள பல்போன்ற செதில்களே இலைகள். சவுக்கு பூக்கும் தாவரம்.

ஊசியிலை மரம் இப்பகுதிக்கு அடியோடு அந்நியமுமல்ல. சங்கராபரணிக் கரையிலுள்ள திருவக்கரையின் கல்மரங்களில் அவ்வகையும் உண்டு.

2. இரண்டு இனங்கள்

நார்ஃபோக் தீவில் பிறந்தது ஒன்று, நியூ கலிடோனியாவில் பிறந்த குக் அரக்கேரியா மற்றொன்று. ஜேம்ஸ் குக் இரு தீவுகளையும் கண்டது 1774இல். வெப்ப நாடுகளில் நார்ஃபோக் என்ற பெயரில் விற்பவற்றில் பல, குக் இனமே. கன்றுப் பருவத்தில் வேறுபாடு தெரியாது. வளர்ந்த பின் பட்டையைப் பாருங்கள்: குக் மரத்தில் தாள்போல் மெல்லிய கீற்றாக உரியும். உருவமும் ஒல்லியான தூண்.

இன்னொரு அடையாளம் சாய்வு. குக் மரம் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாயும். ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் வெளியான ஆய்வில் சராசரிச் சாய்வு எட்டரைப் பாகை. நடுக்கோட்டை நெருங்க நெருங்கச் சாய்வு குறையும். புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வடக்கே இருப்பதால் இங்கே லேசாகத் தெற்கே சாயும். காற்றைப் பழிக்க வேண்டாம்.

3. வளர்ப்பு

பக்கக்கிளையை வெட்டி நட்டால் வேர்விடும். ஆனால் படுக்கைவாட்டிலேயே வளரும். கம்பு கட்டி நிமிர்த்தினாலும் கேட்காது. நேராக எழ உச்சிக் குருத்தைத்தான் நட வேண்டும். அதற்குத் தாய்மரத்தின் தலையைக் கொய்ய எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? ஆகவே விதைக்கன்றே வழி. விதை சீக்கிரம் முளைப்புத்திறன் இழக்கும். புதிதாக விதைக்க வேண்டும். ஒரே தொட்டியில் மூன்று நான்கு கன்றுகள் நெருக்கியிருந்தால், வலுத்த ஒன்றை மட்டும் விடுங்கள்.

பாகூரின் நெல்வயல் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் தேங்கினால் வேர் அழுகும். மண்ணை மேடாக்கி, மணல் கலந்து நடுவது நல்லது. உச்சி முறிந்தால் பழைய வடிவம் திரும்பாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரை கடந்த கடலோரம் இது என்பதை நினைவில் வையுங்கள்.

குக் இனம் தாயகத்தில் 60 மீட்டர்வரை உயரும். மின்கம்பிக்கு அடியில்தான் இடமிருக்கிறதென்றால், இந்தக் கன்றை வாங்காதீர்கள்.