னகரத்தின் இடம்

பங்சாரில் நூலகம் ஒன்றின் தமிழ்ச் சொற்பட்டியலைத் தரவுத்தளத்தில் ஏற்றியவர்கள், அதனை அகரவரிசையில் தருமாறு வினவினர். ‘அனல், அமுது, அரம், அறம், அலை, அளவு, அழல், அவை’ என விடை வந்தது. மென்பொருளின் பிழை என்றே அனைவரும் கருதினர். முதலில் நானும் அவ்வாறே எண்ணினேன்.

சார்பெழுத்து மூன்றும் நீங்கலாக, எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது என்கிறது தொல்காப்பியத்தின் முதல் நூற்பா. அம்மரபின்படி ‘அறம், அனல்’ இரண்டும் கடைசியில் நிற்கவேண்டும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியோ, இந்திய எழுத்துமுறைகளைத் தேவநாகரியை ஒட்டி ஒரே சட்டகத்தில் அடுக்கிய 1988ஆம் ஆண்டு இந்தியக் குறியேற்றத்தைப் பின்பற்றியது. ஆகவே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் அமர்ந்தன. புள்ளியின் எண், க, ச முதலியவற்றின் எண்களுக்கெல்லாம் பின்னர் வருவதால் ‘பகல்’ என்பது ‘பக்கம்’ என்பதை முந்துகிறது. அகராதியில் இதன் மறுதலை. வகுப்பில் கரும்பலகையிலேயே இதனைக் காட்டிவிடலாம்.

எனினும் குறியெண் என்பது எழுத்தின் முகவரி, அகரவரிசை அன்று. ஒருங்குறியாளரும் வரிசைநெறியைத் தனி ஆவணமாகவே வகுத்துள்ளனர். வினவல்மொழியாகிய எஸ்.கியூ.எல்.லின் 1992ஆம் ஆண்டுத் தரம், எந்நெறிப்படி வரிசைப்படுத்துவது என்பதை வினவுவோரே சுட்டுவதற்குக் ‘கொலேட்’ என்னும் சொல்லை அளித்தது. நூலகத்தார் அதனைச் சுட்டவில்லை. தரவுத்தளம் எண்களை ஒப்பிட்டு விடையளித்தது. போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில், 2017இல் வந்த பத்தாம் பதிப்பு முதல் தமிழுக்குரிய நெறியைப் பெயர்சொல்லிக் கேட்கலாம். அவ்வாறு கேட்டபின் ‘அனல்’ கடைசிக்குச் சென்றது.