கல்மரமும் ஃபிளாஷும்: அனிமேஷனை எழுதுவதா, பதிவு செய்வதா?

வானூர் வட்டத்தில் திருவக்கரை தேசிய கல்மரப் பூங்கா இருக்கிறது. அங்கே கிடக்கும் மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். இதைப் பற்றி ஒரு இணையப் பக்கம் போடுறோம்னு வச்சுக்குவோம். வெள்ளம் மரத்தை அடித்து வருவது, மணலில் புதைவது, திசுக்களில் சிலிக்கா ஏறிக் கல்லாவது, மூன்றையும் அசைவாகக் காட்ட வேண்டும். வீடியோவாகப் போடலாம். இல்லையென்றால், படிப்பவரின் பிரவுசரே அப்போதைக்கப்போது வரையும்படி நிரல் எழுதலாம். எது நல்லது?

இந்தக் கேள்விக்கு வயது ஏறக்குறைய 30.

முதலில் வந்தது பதிவுதான். 1989-இல் திருத்தப்பட்ட ஜிஃப் வடிவத்தில் படங்களை அடுத்தடுத்து அடுக்கி ஓட்டலாம். ஒரு படத்துக்கு 256 நிறம்தான். படம் கூடக்கூட கோப்பும் பெருக்கும். 1996 கடைசியில் ஃபியூச்சர்ஸ்பிளாஷை மேக்ரோமீடியா வாங்கி, ஃபிளாஷ் என்று பெயர் மாற்றியது. இது படத்தை அனுப்பாது. "இங்கே ஒரு வட்டம், அதை அங்கே நகர்த்து" என்று கட்டளையை அனுப்பும். டயல்-அப் காலத்துக்கு அது வரப்பிரசாதம்.

ஆனால் அதை ஓட்டத் தனியாக ஒரு பிளேயர் வேண்டும். 2007-இல் வந்த ஐபோன் அதை ஏற்கவில்லை. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே எதையும் ஓட்ட மறுத்தது. எத்தனையோ விளையாட்டுகளும் கார்ட்டூன்களும் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன. ரஃபில் போன்ற எமுலேட்டர்கள் வழியாகத்தான் இப்போது அவற்றில் சிலவற்றைப் பார்க்க முடிகிறது. அதே 1996-இல் ஸ்பேஸ் ஜாம் படத்துக்குப் போட்ட தளமோ இன்றும் அப்படியே திறக்கிறது!

அப்போ பதிவுதான் நிலைக்குமா? அப்படிச் சொல்ல முடியாது. ஜிஃப் பிழைத்தது, பிரவுசரே அதை நேராகப் படித்ததால். ஃபிளாஷ் ஒரே நிறுவனத்தின் பிளேயரை நம்பி நின்றது. இன்றைய சிஎஸ்எஸ், எஸ்விஜி அசைவுகள் பொதுத் தரங்கள், பிரவுசருக்குள்ளேயே இருக்கின்றன.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 2010 வாக்கில் பல ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. எழுத்தைப் படமாக்கிப் போடுவதே அப்போது பத்திரம். இன்று அந்தத் தேவை இல்லை. வீடியோவுக்குள் புதைந்த தமிழ் தேடலில் சிக்குவது அரிது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது.

ஆகவே திருவக்கரைக்கு என் கணக்கு இது. வெள்ளமும் மணலும் ஆயிரக்கணக்கான துகள்கள். நிரலில் ஓட்டினால் விலை குறைந்த போன் சூடாகித் திணறும். அது வீடியோ. சிலிக்கா ஏறும் காட்சியில் படிப்பவர் விரலால் நகர்த்திப் பார்க்கணும், பெயர்களைத் தமிழில் படிக்கணும். அது நிரல். இரண்டுக்கும் கீழே அசையாத ஒரு படம், நாலு வரி விளக்கம். இன்னும் 30 வருஷம் கழித்து எது ஓடாமல் போனாலும் அது மிஞ்சும்.